மாப்பிள்ளைக்கு வைத்த சினை

அண்ணன் சார்ஜாவிலிருந்து கார்கோவில் போட்டு அனுப்பிய சாமான்களிலேயே பெரியது அந்த பார்பிக்யூ அடுப்புதான். கறுப்புத் தகரம், மூன்று கால், மேலே கம்பி வலை, வளைந்த மூடி. என் நிக்காஹுக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்தது. கல்யாணம் முடிந்த எட்டாம் நாள் சாயங்காலம் அதை வேனில் ஏற்றித் தொண்டிக்கு வடக்கே எங்கள் தோப்புக்குக் கொண்டுபோனோம். தென்னைகள் முடிகிற இடத்தில் மணல். அதற்கு அப்பால் கடல்.

மாப்பிள்ளை விருந்து என்றால் வீட்டுக்குள் பாய் விரித்துப் பிரியாணி வைப்பதுதான் எங்கள் வழக்கம். அண்ணன் காஜா நவாஸுக்கு அது போதவில்லை.

"அங்கன லீவு நாளு ராத்திரியானா பாலைவனத்துக்குள்ள போயி சுட்டுத் தின்போம். அந்த ருசிய மச்சானுக்குக் காட்டணும்" என்றான்.

"மாப்பிள்ளையும் கத்தார்லதானப்பா இருக்காரு. பாக்காததா?" என்றார் அத்தா.

"அவரு ஏசி மெக்கானிக்கு. ஊரே லீவு விடும்போதுதான் அவருக்கு வேலை."

என் கணவர் நுஃமான் சிரித்தார். "மச்சான் சொல்றது சரிதான் மாமா" என்றார்.

அம்மாவுக்கு மூட்டுவலி, மணலில் நடக்க முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். அத்தா, அண்ணன், என் கணவர், அவருடைய தாயார் உம்மு ஹபீபா மாமி, நான், வேன் ஓட்டி வந்த வசந்தகுமார். ஆறு பேர்தான்.

எட்டு நாளில் நான் என் கணவரிடம் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு பக்கம் வராது. அவர் ஏதாவது கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். நான் பதிலை யோசித்து முடிப்பதற்குள் பெரும்பாலும் யாராவது அறைக்குள் வந்துவிடுவார்கள். அதற்காக அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. இன்னும் பதினெட்டு நாளில் அவர் கிளம்ப வேண்டும். அதற்குள் இரண்டு பக்கமாவது பேசிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

மஹரிப் தொழுகை முடிந்து இருட்டத் தொடங்கியபோது அத்தாவும் வசந்தகுமாரும் அடுப்பில் கரியைக் கொட்டினார்கள். திருவாடானைப் பக்கம் மூட்டம் போட்ட சீமைக்கருவேலங் கரி. லேசில் பற்றாது. பற்றினால் லேசில் அணையாது. வசந்தகுமார் அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து விசிறினார்.

"இந்தக் கரிய நம்மாளுக மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புறாக. நீங்க வெளிநாட்டுல இருந்து அடுப்பு எறக்கி நம்ம ஊரு கரியவே எரிக்கிறீக. நல்ல ஏவாரம் சார் இது" என்றார்.

"ஒழுங்கா விசுறுப்பா. பொகை பூரா சம்பந்தியம்மா பக்கம் போகுது" என்றார் அத்தா.

நானும் மாமியும் கொஞ்சம் தள்ளிப் பாயில் உட்கார்ந்திருந்தோம். மாமி புகையைக் கையால் விலக்கிக்கொண்டே வெங்காயம் வெட்டினார். நான் மசாலா கலந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு நிலா இல்லை. கரி சிவந்த இடம் மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றி நின்றவர்களின் கைகளும் முழங்கால்களும் தெரிந்தன. முகங்கள் தெரியவில்லை.

மீன் வரவில்லை. அது தடைக்காலம். விசைப்படகுகள் இரண்டு மாதம் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகில் வருவதுதான் மீன். சந்தையில் நல்ல மீன் காலையிலேயே தீர்ந்திருந்தது. அண்ணன் தெற்கே மீனவர் குடிசைகளில் கேட்டுப் பார்க்கிறேன் என்று தான் வந்த பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

ஏழேகால் மணிக்கு வந்தான். கையில் ஒரு பாலித்தீன் பை. இன்னொரு கையில் சின்னதாக ஒரு பொட்டலம்.

"கிளாத்தி! உரிச்ச கிளாத்தி. ரெண்டு கிலோ" என்று பையை என் முன்னால் வைத்தான்.

கிளாத்தியின் தோல் செருப்புத் தோல் மாதிரி இருக்கும். அதனால் விற்கிறவர்களே தலையை வெட்டி, தோலை உரித்து, வெறும் சதையாகத்தான் தருவார்கள். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். தட்டையான, வெள்ளையான துண்டங்கள். கிளாத்திதான். சந்தேகம் இல்லை.

"இத மசாலா போடாத. இது மாப்பிள்ளைக்கு" என்று பொட்டலத்தை அண்ணன் தனியாக வைத்தான்.

பிரித்தேன். சினை. மீன்முட்டை நிறைந்த இரண்டு பை, ஒவ்வொன்றும் என் கட்டை விரலைவிடத் தடிமன். வெளிர் மஞ்சள்.

எங்கள் வீட்டில் சினை உள்ள மீன் வந்தால் அது விருந்தாளிக்கு. மாப்பிள்ளை வந்திருந்தால் மாப்பிள்ளைக்கு. வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். புதுப்பெண்தான் அதை எடுத்து அவர் தட்டில் வைக்க வேண்டும். என் பெரியம்மா பெண்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள்.

"சினை எப்பிடிடா கெடைச்சுச்சு?" என்றார் அத்தா. "சினை உள்ளத யாரு தாரா?"

அண்ணன் அடுப்புப் பக்கம் குத்தவைத்தான். கதை சொல்லும்போது அவன் எப்போதும் குத்தவைப்பான்.

"அதக் கேளுங்க. செவ்வந்தின்னு ஒரு அம்மா, கரையோரம் உக்காந்து செல்போன வாயில கவ்விக்கிட்டு அந்த வெளிச்சத்துல உரிக்குது. மீனப் போட்டுக் குடுத்துச்சு. பக்கத்துல ஒரு சட்டியில குடலு, தலை, தோலு. அதுக்குள்ள இந்தச் சினை கெடக்கு. நான் கேக்குறேன், ஏம்மா இதையுமா தூக்கி எறியிறீகன்னு. வாயில செல்லு இருக்கே, எப்பிடிப் பேசும்? நான் எடுத்துப் பையில போட்டேன். வண்டிய ஸ்டார்ட் பண்ணயில பின்னாடி இருந்து ஒரே கத்து. சினைய எடுத்துட்டானேன்னு ஏசுது. நின்னா புடுங்கிக்கிரும்ல? முறுக்கிட்டேன்."

"களவாணிப் பயலே" என்றார் அத்தா. ஆனால் சிரித்தார்.

வசந்தகுமாரும் சிரித்தார். மாமியும்.

நான் சிரிக்கவில்லை. இந்தக் கரையில் மீனில் எதை எறிந்தாலும் சினையை எறிய மாட்டார்கள். விலை போகாத மீனுக்குக்கூடச் சினையை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுப்பார்கள். செவ்வந்தி என்கிற அந்த அம்மா அதைக் குடலோடும் தோலோடும் போட்டு வைத்திருக்கிறார்.

ஒரு மீனின் சினையைத்தான் எறிவார்கள்.

பேத்தை. பிடித்துக் கரையில் போட்டால் வயிறு உப்பிப் பந்தாகிவிடும். நான் விலங்கியல் படித்தவள். இரண்டாம் வருடம் அதன் படத்தை ரெக்கார்டு நோட்டில் வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறேன். பேராசிரியர் சொன்னதும் நினைவில் இருந்தது. விவரம் தெரிந்தவர்கள் தோலையும் குடலையும் முழுக்க நீக்கிவிட்டுச் சதையை மட்டும் சாப்பிடுவார்கள். விஷம் ஈரலிலும் சினையிலும் அதிகம். வேகவைத்தாலும் சுட்டாலும் போகாது. அதற்கு முறிவு மருந்து கிடையாது.

ஆனால் பேத்தையின் சினையை நான் பார்த்ததில்லை. கிளாத்தியின் சினையையும் பச்சையாகக் கையில் வைத்துப் பார்த்ததில்லை. எனக்கு இருந்தது சந்தேகம். சந்தேகம் என்றால் தெரியும் என்று ஆகாது.

"அண்ணே" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இது கிளாத்திச் சினைதானா?"

"பின்ன? ஆட்டுச் சினையா?"

"இம்புட்டுத் தடியா இருக்குமா?"

அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். "போச்சுடா. ஸுவாலஜி மேடம் வந்துட்டாக. மச்சான், இவ வீட்டுல பொரிச்ச மீனு முன்னாடி உக்காந்தா செதிலு எண்ணிட்டுத்தான் திம்பா. கொஞ்சம் பாத்து நடந்துக்கங்க, உங்களையும் அறுத்துப் பாத்துருவா."

எல்லோரும் சிரித்தார்கள். மாமி என் தாடையைப் பிடித்து ஆட்டினார். "எம்மருமவ வாயத் தொறந்துருச்சே! எட்டு நாளா நான் ஊமையில்ல வந்து வாச்சிருக்குன்னு நெனச்சேன்."

என் காது சூடாகிவிட்டது. குனிந்து மசாலாவைப் பார்த்தேன்.

"இல்ல, கேக்கட்டுமே" என்றார் என் கணவர். இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. "என்ன லாமியா? என்ன சந்தேகம்?"

கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். மற்றவர்களும் காத்திருந்தார்கள். ஐந்து பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தா மாப்பிள்ளைக்காக ஏற்பாடு செய்த விருந்து. அண்ணன் திருடியாவது கொண்டு வந்த சினை. அதை விஷம் என்று மாமியார் முன்னால் சொல்ல வேண்டும். அப்புறம் அது கிளாத்திச் சினையாக இருந்துவிட்டால், இந்த எட்டு நாள் கல்யாணத்தில் நான் முதன்முதலாகப் பேசியது அதுவாகத்தான் இருக்கும்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

கிளாத்தித் துண்டங்களை அண்ணன் வலையில் அடுக்கினான். எண்ணெய் சொட்டியதும் கரி சீறியது. புகை எழுந்து தென்னைகளுக்குள் போனது. சினைக்கு உப்பும் மிளகும் மட்டும் தடவி, ஃபாயிலில் சுற்றி, கரியின் ஓரத்தில் வைத்தான். வெள்ளித்தாள் சிவப்பாக மின்னியது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கவனிக்காமல் விட்டால் கருகிவிடும். கருகிவிட்டால் நல்லது என்று நினைத்தேன். அண்ணன் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அதைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

தெற்கே, கரையோரமாக, ஒரு டார்ச் வெளிச்சம் தெரிந்தது. குடிசைகள் இருக்கிற பக்கம். ரொம்ப தூரம். ஆடி ஆடி வந்தது. யாரோ நடக்கிறார்கள், அல்லது ஓடுகிறார்கள்.

"நண்டு பிடிக்க வாராக" என்றார் அத்தா.

அண்ணன் ஃபாயிலைப் பிரித்தான். ஓரத்தில் நுனியளவு கிள்ளி நாக்கில் வைத்தான். "உப்பு சரியா இருக்கு" என்றான். பிறகு ஒரு தட்டில் சினையை வைத்து என்னிடம் நீட்டினான்.

"போம்மா, போயி வை" என்றார் மாமி. "கூச்சப்படாத. உன் மாப்பிள்ளைதான்."

எழுந்தேன். பாயிலிருந்து அவர் உட்கார்ந்திருந்த இடம் பத்தடி. மணலில் கால் தடுக்கியதுபோல் விழுந்திருக்கலாம். தட்டு கவிழ்ந்திருக்கும். மணல் ஒட்டிய சினையை யாரும் தின்ன மாட்டார்கள். அண்ணன் ஏசுவான், மாமி சிரிப்பார், அவ்வளவுதான். அந்தப் பத்தடியிலும் நான் இதைத்தான் நினைத்தேன். விழவில்லை.

வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அடுப்பின் சிவப்பு அவர் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தது.

"ரெண்டு இருக்கு. நீ ஒண்ணு எடுத்துக்க" என்றார் மெதுவாக.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

அது வெட்கம் என்று நினைத்திருப்பார். பிஸ்மி சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். முதலில் ஒன்று. "நல்லாருக்கு மச்சான்" என்றார். பிறகு இன்னொன்று.

பாய்க்கு வந்து செல்போனில் மணி பார்த்தேன். ஏழு ஐம்பத்திரண்டு.

எல்லோரும் கிளாத்தி சாப்பிட்டார்கள். மாமி எனக்கு ஒரு துண்டத்தை முள் எடுத்துக் கொடுத்தார். அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன். அண்ணன் கத்தாரிலா சார்ஜாவிலா, எங்கே ரொட்டி நல்லது என்று என் கணவரிடம் வாதம் பண்ணிக்கொண்டிருந்தான். அவர் பேசுவதைக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டேன். எட்டு மணி. எட்டு ஐந்து. தெளிவாகத்தான் இருந்தது. நான் தப்பாக நினைத்திருக்கிறேன். நல்லவேளை, சொல்லவில்லை.

அண்ணன் நாக்கை வெளியே நீட்டி விரலால் தேய்த்தான். "மொளகு தூக்கலாப் போட்டுட்டேனோ? நாக்கு நுனி மரமரங்குது."

"எனக்கும்தான். ஒதடு எங்க இருக்குன்னே தெரியல" என்று சிரித்தார் என் கணவர். "பல்லு டாக்டர் ஊசி போட்ட மாதிரி இருக்கு."

அவர் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டினார். எடுத்தார். பாட்டில் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அது பேத்தைச் சினை" என்றேன்.

இந்த முறை என் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"என்ன புள்ள சொல்ற?" என்றான் அண்ணன்.

"அது கிளாத்தி இல்ல. பேத்தை. சினையில விஷம். இப்பவே ராமநாதபுரம் போகணும். மிசின் வச்சு மூச்சு குடுக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு. வசந்தகுமார் அண்ணே, வண்டிய எடுங்க."

"லூசா நீ? நானும்தான் ருசி பாத்தேன், எனக்கு என்ன ஆச்சு?"

"நீ நகத்தளவு பாத்த. அதுக்கே நாக்கு மரத்துருச்சு. அவரு ரெண்டும் தின்னுருக்காரு."

அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் டார்ச் வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது. முழங்கால் வரை நனைந்த சேலையோடு ஒரு பெண். மூச்சு வாங்கியது. கையால் அண்ணனைச் சுட்டிக் காட்டினார்.

"எய்யா, அந்தச் சினைய என்ன செஞ்சீக?"

அவர் டார்ச்சை அடுப்பில் அடித்தார். விரித்துக் கிடந்த ஃபாயிலில் அடித்தார்.

"அய்யோ, தின்னுட்டீகளா? கிளாத்தியோட ரெண்டு பேத்தையும் வலையில ஏறிருந்துச்சுய்யா. சதைய எங்க வீட்டுக்கு வச்சுக்கிட்டு மத்ததப் பொதைக்கணும்னு சட்டியில போட்டு வச்சிருந்தேன். நாயி தின்னுட்டுச் செத்துரும்னு. கத்துறேன் கத்துறேன், வண்டிய நிறுத்தாமப் போறீகளே. எந்தப் பக்கம் போனீகன்னு தெரியாம ஒவ்வொரு தோப்பாப் பாத்துக்கிட்டு வாரேன்."

மாமியின் கையிலிருந்து தட்டு விழுந்தது.

என் கணவர் எழுந்திருக்கப் பார்த்தார். கால்கள் பக்கவாட்டில் போயின. அத்தாவும் வசந்தகுமாரும் தாங்கிப் பிடித்தார்கள். அவர் குனிந்து மணலில் வாந்தி எடுத்தார். "ஒண்ணுமில்ல உம்மா" என்று சொல்ல நினைத்திருக்க வேண்டும். வாய் குழறியது.

வேனின் நடு சீட்டில் அவரைப் படுக்க வைத்தோம். தலை என் மடியில். மாமி கீழே முட்டி போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தா முன்னால் ஏறினார். அண்ணன் 108-க்குப் போன் போட்டுக்கொண்டே பின் சீட்டுக்கு ஓடி வந்தான். செவ்வந்தி வெளியே நின்று கதவைத் தள்ளிச் சாத்தினார்.

"தேவிபட்டினத்துல இருந்து ஆம்புலன்ஸ் கெளம்புதாம். நம்மளும் எதுக்க வரச் சொல்றாக. அதுல மூச்சுக் குடுக்குற சாமானெல்லாம் இருக்காம்" என்றான் அண்ணன். அவன் குரல் உடைந்துவிட்டது. "நான் கிளாத்திச் சினைன்னுதான் நெனச்சேன். மச்சானுக்குன்னுதான் எடுத்தேன்."

வசந்தகுமார் வண்டியைக் கிளப்பினார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும் வசந்தகுமார் வேகம் எடுத்தார். எதிரே வண்டி வரும்போதெல்லாம் என் மடியில் கிடந்த கணவரின் முகம் எனக்கு ஒரு நொடி தெரிந்தது. கண் இமை பாதி மூடியிருந்தது. நான் அவர் காதருகே குனிந்தேன்.

"நான் பேசுறது கேக்குதா? கேட்டா விரல அசைங்க."

மாமி பிடித்திருந்த கையில் சுண்டு விரல் லேசாக அசைந்தது.

"இது கைகாலத்தான் கட்டும். புத்தியக் கட்டாது. மூச்சு மட்டும் நிக்காமப் பாத்துக்கிட்டா விஷம் தானா எறங்கிரும். நாளைக்கிச் சாயங்காலம் எந்திரிச்சு உக்காந்துருவீங்க." பேராசிரியர் சொன்னதைத்தான் சொன்னேன். அவர் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அதை நான் விட்டுவிட்டேன்.

திருப்பாலைக்குடி தாண்டுவதற்குள் விரல் அசைவது நின்றது. நெஞ்சு எழுவது குறைந்தது. பிறகு தொண்டையில் மட்டும் ஒரு சின்ன இழுப்பு.

மாமி மகனின் காதருகே வாயைக் கொண்டுபோனார். ஈமானுக்கு, இறைநம்பிக்கைக்கு, சாட்சி சொல்லும் கலிமாவை ஓதத் தொடங்கினார். சாகப் போகிறவர் காதில் ஓதுகிற மாதிரி, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. முன் சீட்டில் அத்தாவும் உதட்டை அசைத்தார்.

நான் மாமியின் தோளைப் பிடித்தேன்.

"ஓதாதீங்க மாமி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை இருட்டில் நான் பார்க்கவில்லை. ஆனால் தெரிந்தது.

"என்ன சொன்ன?"

"அவருக்கு எல்லாம் கேக்குது. கண்ணத் தொறக்க முடியல, அவ்வளவுதான். நீங்க இத ஓதுனா, தான் மௌத்தாகப் போறோம்னு நெனப்பாரு. பயந்துருவாரு. துஆ கேளுங்க. மனசுக்குள்ள கேளுங்க. கலிமா இப்ப வேணாம்."

"நேத்து வந்தவ நீ எனக்குச் சொல்றியா? எம்புள்ள ஈமானோட போக வேணாமா?"

"அவரு போகல மாமி."

என் கணவரின் தொண்டையில் இருந்த இழுப்பும் நின்றது.

கல்லூரியில் ஒரு முதலுதவி முகாமில், ரப்பர் பொம்மையை வைத்து மூச்சு கொடுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு என் முறை வந்தபோது, எல்லோரும் பார்க்கிறார்கள் என்று நான் பின்வரிசைக்குப் போய்விட்டேன். ஆனால் முப்பது பேர் செய்ததைப் பார்த்திருந்தேன். சீட்டிலிருந்து இறங்கி மாமிக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். என் கணவரின் தலையைப் பின்னால் சாய்த்தேன். தாடையைத் தூக்கினேன். மூக்கைப் பிடித்தேன். அத்தா முன்னால் இருந்தார், அண்ணன் பின்னால் இருந்தான், அவருடைய தாய் தோளோடு தோளாக இருந்தார். என் வாயை அவர் வாயில் வைத்து ஊதினேன்.

மிளகும் புகையும் மணத்தன. நெஞ்சு எழுந்தது. இறங்கியது.

ஐந்து எண்ணி மறுபடி ஊதினேன். கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். நாடி இருந்தது.

"ஆம்புலன்ஸ்காரவுக எங்க இருக்காகன்னு கேளுடா" என்றார் அத்தா. அண்ணன் போனில் பேசுவது கேட்டது. பத்து நிமிஷம் என்றான். பிறகு யாரிடமோ கத்தினான். பிறகு மறுபடியும் பத்து நிமிஷம் என்றான். வேன் ஒரு வளைவில் ஆடியது. என் பல் அவர் உதட்டில் இடித்து ரத்தம் வந்தது. யாருடையது என்று தெரியவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. ஊதிவிட்டு எண்ணுகிற அந்த ஐந்துக்குள் அவரிடம் பேசினேன். வேறு எப்போது பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

"பயப்படாதீங்க. நான் நிறுத்த மாட்டேன்."

ஊதினேன்.

"ஆம்புலன்ஸ் பக்கத்துல வந்துருச்சு."

ஊதினேன். அவர் முகத்தில் எதுவும் அசையவில்லை. அந்த முகத்துக்குப் பின்னால் அவர் காத்திருந்தார். அடுப்பு முன்னால் கேட்டுவிட்டுக் காத்திருந்ததைப் போலவே. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்குச் சந்தேகம் இருந்துச்சு" என்றேன். "நீங்க கேட்டீங்கல்ல, என்ன சந்தேகம்னு. இதுதான். தட்டுல வைக்கும்போதே இருந்துச்சு. நீங்க ஒண்ணு எடுத்துக்கன்னு சொன்னப்ப நான் வேணாம்னது வெட்கத்துல இல்ல."

அண்ணன் போனில் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டான். அத்தா திரும்பிப் பார்க்கவில்லை.

மாமி கேட்டுவிட்டார். அவர் தோள் என் தோளை விட்டு விலகியது. அவர் என்னை அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். மாமி மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஐந்து எண்ணி முடிந்துவிட்டது. ஆறு. ஏழு. நான் மாமியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாமி கையை நீட்டினார். என் விரல்களை விலக்கிவிட்டு மகனின் மூக்கைத் தானே இறுக்கிப் பிடித்தார். இன்னொரு கையால் அவர் தாடையைத் தூக்கினார், நான் செய்ததைப் பார்த்திருந்த மாதிரியே.

"பொறவு ஒங்கிட்டப் பேசுறேன்" என்றார். "இப்ப ஊது."

ஊதினேன். நெஞ்சு எழுந்தது.

"ஊது" என்றார் மாமி.